ஒன்றியத்துக்கு 16 லட்சம் மானியம்: வாங்கிவிடலாம், நடத்துவது யார்?

பாசிக்கரை | திங்கள் இரவு 9.40

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஒன்றியத்தில் கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. மகளிர் குழுவில் பதினான்கு பேர். மாதத்தில் பன்னிரண்டு நாள் காலில் அலுமினியத் தட்டைக் கட்டிக்கொண்டு பாசி எடுக்கக் கடலில் இறங்குவோம். மீதி நாளில் எட்டுப் பேர் வீடு வீடாகப் போய் மக்காத குப்பையை வாங்கிப் பிரிக்கிறோம். கரையில் ஒதுங்குவதையும் பொறுக்குகிறோம். வாடைக்காற்று அடித்தால் ஒருவகைக் குப்பை, கச்சான் அடித்தால் வேறு வகை. சிங்கள எழுத்து லேபிளோடு பாட்டில் வரும். யார் குடித்தார்களோ, பொறுக்குவது நாங்கள்.

போன வாரம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு அமைக்க 16 லட்சம் வரை மானியம் உண்டு, நடத்த உங்கள் குழு முன்வந்தால் பரிந்துரைக்கலாம் என்றார். குழுவில் பாதிப் பேருக்கு மகிழ்ச்சி. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

காரணம் இருக்கிறது. நான்கு வருடங்களுக்கு முன்பு எங்களுக்குக் குப்பையை அமுக்கிக் கட்டும் பேலிங் இயந்திரம் ஒன்று கொடுத்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், சுண்டலும் கொடுத்தார்கள். கொட்டகைக்கு மும்முனை மின்சாரம் கிடையாது. கேட்டதற்குக் கம்பம் நட வேண்டும், அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டுவது யார்? இன்று அந்த இயந்திரத்தின் வாய்க்குள் கோழி அடைகாக்கிறது. உப்புக்காற்றில் போல்ட்டுகள் பொரிந்துபோய், நகத்தால் கீறினால் செதில் செதிலாக உதிர்கின்றன. ஆய்வுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் எங்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஏட்டில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இந்த 16 லட்சத்தில் கூலி கொடுக்க முடியுமா? லாரி வாடகை கொடுக்க முடியுமா? அல்லது இன்னொரு கோழிக்கூடுதானா?

பழைய செயலர் | திங்கள் இரவு 10.55

முப்பத்தொரு வருடம் ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வுபெற்றவன். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன் அம்மா. கூலிக்கும் லாரிக்கும் அதில் கைவைக்க முடியாது.

அந்தப் பணம் தூய்மை பாரத இயக்கம் (ஊரகம்) இரண்டாம் கட்டத்தில் வருவது. 2020-21ல் தொடங்கியது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு. ஒன்றியத்துக்கு ஓர் அலகு. நம் மாவட்டத்தில் ஒன்றியங்கள் பதினொன்று. 16 லட்சம் என்பது உச்சவரம்பு. கட்டடம், துருவும் இயந்திரம், அமுக்கும் இயந்திரம், தூசி தட்டும் இயந்திரம் என்று மண்ணில் நிற்கும் பொருளுக்கு மட்டும். நடத்தும் செலவை மத்திய நிதிக்குழு சொன்னபடி ஊராட்சிக்கு வரும் மானியத்திலும், வீட்டுக் கட்டணத்திலும், விற்ற காசிலும் பார்த்துக்கொள் என்பது ஏற்பாடு.

ஊருக்கென்று திடக்கழிவுக்குத் தனியாக வருவது தலைக்கணக்கு. 5,000 பேர் வரை உள்ள ஊருக்குத் தலைக்கு 60 ரூபாய். அதைத் தாண்டினால் 45 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,900 பேர் உள்ள ஊருக்கு 2,94,000 ரூபாய். 5,100 பேர் உள்ள ஊருக்கு 2,29,500. இருநூறு பிள்ளை கூடப் பிறந்ததற்கு 64,500 ரூபாய் அபராதம்! அதுவும் ஒருமுறை தருவதே ஒழிய ஆண்டுதோறும் வருவதில்லை. அதில் 30 சதவீதத்தை நிதிக்குழு மானியத்திலிருந்து ஊராட்சியே போட வேண்டும்.

சரி, நிதிக்குழு மானியம் இருக்கிறதே என்பீர்கள். 2021-26 காலத்துக்குப் 15ஆவது நிதிக்குழு வகுத்தபடி ஊராட்சிக்கு வருவதில் 60 சதவீதம் நிபந்தனை மானியம். பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீருக்கு. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கும் ஊராட்சிக்குத்தான் தருவோம் என்பதும் அவர்கள் விதி. நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு மன்றம் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான். ஆகவே மானியத்தில் கொட்டகை எழும்பும், அதை ஓட்ட வேண்டிய பணம் தேர்தலுக்காகக் காத்திருக்கும்.

தொண்டிக்காரன் | செவ்வாய் காலை 7.10

ஊர் தொண்டி, வேலை சென்னையில். அக்கா, இவ்வளவு மனம் தளர வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கை எண்ணெயாக மாற்றும் இயந்திரம் வந்துவிட்டது. கூரையில் சூரியத் தகடு போட்டால் மின்சாரக் கவலை இல்லை. எந்த வீட்டில் எவ்வளவு குப்பை சேர்ந்தது என்று காட்டும் செயலியை நானே செய்து தருகிறேன், இலவசமாக.

பாசிக்கரை | செவ்வாய் காலை 7.32

தம்பி, நல்ல மனது உங்களுக்கு. அந்த எண்ணெய் இயந்திரத்தில் கோழி எந்தப் பக்கமாக நுழையும்?

பழைய இரும்பு | செவ்வாய் பகல் 2.15

கீழக்கரையில் மூன்று தலைமுறையாகப் பழைய சாமான் வியாபாரம். இந்த ஊர்க் கடைகளைக் காயலான் கடை என்று நீங்கள் கிண்டலாகச் சொல்வீர்கள். அந்தக் காயலான்தான் மானியமே இல்லாமல் மறுசுழற்சி செய்துகொண்டிருக்கிறான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி, இயந்திரத்தை விடுங்கள். சாக்கைப் பற்றிப் பேசுவோம். யாராவது சாக்கு கொண்டுவந்தால் நான் அதன் வாயைப் பார்க்க மாட்டேன், அடியைத் தட்டுவேன். கரையில் பொறுக்கியதாக இருந்தால் அடியில் மணல் தேங்கியிருக்கும். தூக்கினால் கனம் தெரியும். ஆனால் அது மணலின் கனம், ஈரத்தின் கனம். நான் மணலுக்குக் காசு கொடுக்க முடியாது. மதுரையில் என்னிடம் வாங்குகிறவர் எனக்குக் கொடுக்க மாட்டார். மணலோடு துருவும் இயந்திரத்தில் போட்டால் பிளேடு மழுங்கிவிடும். அந்தப் பிளேடைத் தீட்ட எந்த மானியத்தில் எழுதியிருக்கிறது?

அடுத்தது தண்ணீர் பாட்டில். உடல் ஒருவகை, மூடி வேறு வகை, சுற்றியிருக்கும் லேபிள் மூன்றாவது வகை. மூடியைக் கழற்றாமல் நசுக்கினால் உள்ளே காற்று நின்று மறுபடி உப்பிக்கொள்ளும். லாரியில் பாதி இடம் காற்றுக்கே போய்விடும். மூடி கழற்றி, லேபிள் உரித்து, காயவைத்துத் தரும் சாக்குக்கு நான் தரும் விலை வேறு. கூட்டிப்பெருக்கி அள்ளிவந்த சாக்குக்குத் தரும் விலை வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம்தான் உங்கள் எட்டுப் பேரின் கூலி.

விற்கும் சரக்கைச் சொல்கிறேன்: பாட்டில், உடைந்த குடம், பழக்கூடை, எண்ணெய் டின், பால் உறை. விற்காதது: பிஸ்கட் உறை, உள்ளே வெள்ளி பூசிய சிப்ஸ் உறை, ஷாம்பு உறை. அதைவிட மோசம் மீன் பெட்டித் தெர்மாகோல். ஒரு லாரி நிறைய ஏற்றினால் எடை ஆட்டுக்குட்டி அளவுகூட வராது. டீசல் குடிப்பதோ முழு லாரி.

சென்னைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் எடுக்கும் இயந்திரத்துக்கு ஒரே வகைப் பிளாஸ்டிக், காய்ந்தது, சுத்தமானது வேண்டும். அப்படி ஒரு சரக்கு இருந்தால் நானே நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வேனே, எதற்காக அதை எரிக்க வேண்டும்?

காவலர்வீட்டுப்பெண் | செவ்வாய் மாலை 6.48

என் அம்மா ஊராட்சியில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் தூய்மைக் காவலர். இந்த இழையில் இயந்திரம், மானியம், விலை என்று எல்லாம் வந்துவிட்டது, அம்மா மட்டும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முதலில் நூறு நாள் வேலைத் திட்டக் கணக்கில் கூலி. பிறகு மாதம் 2,600. பிறகு 3,600. 2023ல் 5,000 என்று அறிவித்தார்கள். நூற்றைம்பது வீட்டுக்கு ஒரு காவலர் என்று கணக்கு. மாதம் 5,000 என்றால் நாளுக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

மானியத்தில் பேட்டரி வண்டி வந்தது. பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வைத்து அழகாகத்தான் இருந்தது. இரண்டு வருடத்தில் பேட்டரி செத்துவிட்டது. புது வண்டி வாங்கச் செலவுத் தலைப்பு இருக்கிறதாம், பழைய வண்டிக்குப் பேட்டரி மாற்றத் தலைப்பு இல்லையாம். அம்மா இப்போது அதைக் கையால் தள்ளிக்கொண்டு போகிறாள். பழைய மிதிவண்டியைவிட இது கனம், ஏனென்றால் செத்த பேட்டரியும் அதில்தான் இருக்கிறது. கழற்றி வைத்தால் தணிக்கையில் பொருள் குறையும் என்று கழற்ற விடவில்லை.

பழைய செயலர் | செவ்வாய் மாலை 7.20

மகளே, நான் பணியில் இருந்தபோது அப்படி எழுதிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவன்தான். மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

தங்கூஸ் | செவ்வாய் இரவு 9.05

நாட்டுப்படகுத் தொழில். திருப்பாலைக்குடிப் பக்கம். எல்லோரும் பாட்டிலையும் கவரையும் பேசுகிறீர்கள். கரையில் உண்மையில் கனமாகக் கிடப்பது வலை.

நண்டு வலை எப்படிக் குப்பையாகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையிலும் நண்டின் காலிலும் பட்டுக் கண்ணி அறுந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பொத்திப் பயன் இல்லை. அப்போது கரையில் உட்கார்ந்து மேல் கயிற்றை உருவி எடுப்போம், மிதவையை எடுப்போம், அடிக்கயிற்றில் கோத்த ஈயக்குண்டை எடுப்போம். இவை மூன்றும் அடுத்த வலைக்குப் போகும். நடுவில் இருந்த கண்ணித் துணி மட்டும் பந்தாகச் சுருண்டு அங்கேயே கிடக்கும். காற்று அடித்தால் கடலுக்குள் போகும். போனால் அது சும்மா இருக்குமா? யாரும் இழுக்காமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும், ஆமை மாட்டும், ஆவுளியா (கடல்பசு) மாட்டும்.

கொஞ்சம் நல்ல நிலையில் இருப்பதை வேலிக்கும் கோழிக் கூண்டுக்கும் கட்டுவோம். எங்கள் பகுதியில் முருங்கைக் கன்றுக்கெல்லாம் வலைதான் சட்டை. ஆனால் எத்தனை கன்றுக்குக் கட்டுவது?

நைலான் வலைக்கு மறுசுழற்சியில் மதிப்பு உண்டு. பழைய வலையை மீனவர்களிடமே விலைக்கு வாங்கும் மையத்தைச் சென்னை காசிமேட்டில் தமிழ்நாடு அரசு தொடங்கியிருக்கிறது. எங்கள் கரைக்கு அது வேண்டும். பொருளுக்குக் காசு தரும் திட்டம் அது. கொட்டகைக்குக் காசு தரும் திட்டம் அல்ல. காசு வரும் என்றால் எவனும் கண்ணியைக் கரையில் விட மாட்டான்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையேறும், வலையைப் பிரித்துப் பார்க்கும் காலம் அதுதான். பழைய வலை மொத்தமாக வெளியே வருவது அந்த இரண்டு மாதத்தில். ஆனால் மானியமோ நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும் என்று மார்ச் மாதத்தில் ஓடிவரும், ஏப்ரலில் காணாமல் போய்விடும்.

பழைய இரும்பு | செவ்வாய் இரவு 9.31

கண்ணியையும் கயிற்றையும் தனித்தனியாக வைத்தால் நான் எடுத்துக்கொள்கிறேன் தம்பி. கயிறு வேறு பிளாஸ்டிக், கண்ணி வேறு. கலந்தால் இரண்டுமே குப்பை.

கொல்லத்துப் படகு | புதன் காலை 5.50

சொந்த ஊர் மூக்கையூர். பத்து வருடமாகக் கொல்லத்தில் விசைப்படகு வேலை. இப்போதுதான் கரைக்கு வந்தோம், படித்துவிட்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நீண்டகரைத் துறைமுகத்தில் 2017ல் 'சுசித்துவ சாகரம்' என்று ஒன்று தொடங்கினார்கள். வலையில் மீனோடு பிளாஸ்டிக்கும் வருமே, முன்பு அதைத் திரும்பக் கடலிலேயே வீசுவோம். அதை வீசாமல் கரைக்குக் கொண்டுவா என்று பை கொடுத்தார்கள். கரையில் பெண்கள் கழுவி, காயவைத்து, பிரித்தார்கள். துருவியதைச் சாலை போடக் கொடுத்தார்கள். மீன்வளத் துறை, துறைமுகப் பொறியியல் துறை, கேரள அரசின் தூய்மை அமைப்பான சுசித்துவ மிஷன் என்று பல கைகள் சேர்ந்த வேலை. எங்கள் படகில் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. மீன் பெட்டியைத் தனியாக வைக்கிற மாதிரி இதையும் வைத்துவிடுவோம்.

வீட்டுக் குப்பைக்கு இங்கே ஹரித கர்ம சேனை என்று பெண்கள் வருகிறார்கள். கிராமத்தில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வாங்குகிறார்கள். பாட்டில், கவரெல்லாம் கழுவி வைத்தால்தான் எடுப்பார்கள். என் வீட்டு உரிமையாளர் அம்மா பால் கவரைக் கழுவித் துணி கொடியில் கிளிப் போட்டுக் காயப் போட்டிருப்பார். முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

பாசிக்கரை | புதன் காலை 11.20

50 ரூபாய் கேட்கலாம்தான். ஆனால் நம் ஊரில் தடைக்காலத்தில் எந்த வீட்டில் போய்க் கேட்பது? நிவாரணம் 8,000 என்று 2023ல் நம் மண்டபத்தில் நடந்த மாநாட்டில்தான் முதல்வர் அறிவித்தார். அந்தப் பணம் வருவதற்குள் கடனுக்குப் போய்விடும். போன வருடம் ஒரு பாட்டி எனக்குக் குப்பைக் கட்டணமாக நான்கு கருவாடு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ரசீதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "நெத்திலி 4" என்று எழுதினேன்.

பழைய செயலர் ஐயா இதற்காகக் கோபப்படக் கூடாது.

பழைய செயலர் | புதன் பகல் 12.05

எந்தத் தணிக்கையாளரும் ஆட்சேபிக்க முடியாத ரசீது அது.

ஓலைக்கொட்டான் | புதன் பகல் 3.40

சாயல்குடி. பனைத் தொழில். குப்பையை எப்படி விற்பது என்று மூன்று நாளாகப் பேசுகிறீர்கள். குப்பை வராமல் செய்வதற்கு யாராவது மானியம் தருகிறார்களா?

என் தாத்தா காலத்தில் கருப்பட்டி ஓலைக் கொட்டானில்தான் போகும். கருவாடு ஓலைப் பாயில் போகும். மீன் கூடை ஓலைதான். இன்று கருப்பட்டியைப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, அதன் மேல் பனைமரப் படம் அச்சடிக்கிறார்கள். ஓலை முடையும் பெண்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். குருத்தோலையைப் பிளந்து, ஈர்க்கு எடுத்து, நிழலில் வாட்டி, ஒரு கொட்டான் முடையப் பழகிய கைக்கு எவ்வளவு நேரம் என்று ஒருநாள் வந்து பாருங்கள். அந்த நேரத்துக்கான கூலியைக் கொட்டானின் விலையில் வைத்தால் பிளாஸ்டிக் உறை பத்தில் ஒரு பங்கு விலையில் வந்து அடிக்கிறது.

2019 ஜனவரி 1 முதல் பதினான்கு வகைப் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று துணிப்பை இயக்கம். பிளாஸ்டிக்கைக் கைவிட்ட பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனங்களுக்கு 10 லட்சம், 5 லட்சம், 3 லட்சம் என்று மஞ்சப்பை விருது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஓலைக்காரப் பெண் எந்தக் கல்லூரியில் படித்து அந்த விருது வாங்குவது? ஏர்வாடி தர்கா கடைத்தெருவிலும் ராமேஸ்வரத்திலும் பிரசாதத்தையும் கருவாட்டையும் ஓலையில் கட்டித் தரும் கடைக்குக் கொட்டான் விலையில் பாதியை அரசு போட்டால் போதும். இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கெட்டுப்போனால் மாடு தின்னும்.

தொண்டிக்காரன் | புதன் மாலை 5.15

நீலகிரியில் மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைக் கையில் தருகிறார்களே, உயர் நீதிமன்றம் சொல்லி 2022ல் வந்தது, அது மானியமே இல்லாமல் நடக்கிறது. பாட்டில் பொறுக்கவே ஆள் வந்துவிட்டது. நம் கடற்கரையில் உடைந்த பாட்டிலில் கால் கிழிக்காத பிள்ளை உண்டா? செயலி யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

தங்கூஸ் | புதன் மாலை 5.22

ஏற்றுக்கொண்டோம். முதன்முதலாக உருப்படியாகப் பேசியிருக்கிறீர்கள்.

தீர்த்தக்கரை | புதன் இரவு 8.30

ராமேஸ்வரம், அக்னி தீர்த்தத்துக்குப் பக்கத்துத் தெரு. நாங்கள் நகராட்சி, எங்களுக்கு வேறு திட்டம், வேறு கணக்கு. ஆகவே அதிகம் பேச மாட்டேன். இரண்டு விஷயம் மட்டும்.

நீராடியவர்கள் கட்டியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு முழுப் புடவை மணலில் பாதி புதைந்து, மீதி அலையில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் ஆள் மூழ்கிக் கிடக்கிறதோ என்று பயம் வரும். உப்பேறிய துணியை இழுக்க இரண்டு பேர் வேண்டும். தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும் இதே கதை. அலசி வெயிலில் போட்டு மஞ்சப்பையாகத் தைக்கலாம் என்று எங்கள் தெருப் பெண்கள் முயன்று பார்த்தார்கள். அலச நல்ல தண்ணீர் வேண்டுமே! குடிக்கவே குடம் கணக்கில் வாங்குகிற ஊர்.

அதில்தான் இரண்டாவது விஷயம். யாத்திரிகர் கையில் பிளாஸ்டிக் பாட்டில் இருப்பது ஆசைக்காக அல்ல. குழாயில் வருவது உவர்ப்பு. நல்ல தண்ணீர் நம்பிக்கையாக ஓர் இடத்தில் கிடைத்தால் பாட்டில் தானே குறையும். செயலர் ஐயா சொன்ன நிபந்தனை மானியத்தில் பாதி குடிநீருக்கு என்றாரே. கரையோர ஊராட்சிகள் அந்தப் பாதியில் சுற்றுலாக்காரர் வரும் இடத்தில் ஒரு குடிநீர்த் தொட்டி வைத்தால், அது குப்பைத் திட்டமும்தானே? அரிச்சல்முனை போகிற வழியெல்லாம் கிடப்பது எது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காவலர்வீட்டுப்பெண் | புதன் இரவு 8.52

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியபோது வந்த பிளாஸ்டிக் குருணையை மறந்துவிட்டோமா? கன்னியாகுமரியிலிருந்து தனுஷ்கோடி வரை ஒதுங்கியது. பார்க்க ஜவ்வரிசி போல இருக்கும். மணலோடு கலந்துவிட்டால் பிரிக்க ஒரே வழி சல்லடைதான். அம்மா சொன்னாள்: "அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கைக்கு, மணலில் அரிசி பொறுக்கச் சொல்கிறார்கள்." எந்த மானியத்திலும் சல்லடை இருந்ததில்லை.

பழைய செயலர் | வியாழன் காலை 6.30

இரவெல்லாம் யோசித்தேன். பாசிக்கரை அம்மாவுக்குச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது.

மானியத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வேண்டாம் என்றால் அது வேறு ஒன்றியத்தின் கொட்டகைக்குப் போகும், அங்கே வேறு கோழி. வாங்குவதற்கு முன்னால் துருவிய பிளாஸ்டிக்கை யார் வாங்குவார் என்று எழுத்தில் கேளுங்கள். கீழக்கரைக் காக்கா (அண்ணன்) வாங்க முடியாது என்று ஒதுக்கிய பிஸ்கட் உறை, தெர்மாகோல் எல்லாம் சாலைக்கு ஆகும். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை. 2018ல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, அவர்தான். கொதிக்கும் சூட்டில் இருக்கும் ஜல்லியின் மேல் துருவலைத் தூவினால் உருகி ஜல்லிக்கு மேல் பூச்சாகப் படியும். அதன் மேல் தார். தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டி சொல்கிறது. பி.வி.சி. மட்டும் கூடாது, சூட்டில் நச்சுப்புகை.

நம் ஒன்றியங்களே வருடந்தோறும் கிராமச் சாலை போடுகின்றன. ஒப்பந்தப்புள்ளியிலேயே "இந்த அலகிலிருந்து துருவல் வாங்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் உங்களுக்கு வாங்குகிறவர் கிடைத்துவிட்டார். ஒன்றியம் ஒரு கையால் இயந்திரம் கொடுத்து, மறு கையால் வெளியூரிலிருந்து துருவல் வாங்கியதை என் காலத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

இதைக் கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். வருடத்துக்கு ஆறு சபை. அக்டோபர் 2ஆம் தேதிச் சபை முக்கியம். அடுத்த ஆண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அப்போதுதான் பேச்சுக்கு வரும். அதில் உங்கள் வேலை ஏறாவிட்டால் எந்தத் தலைப்பிலும் ஏறாது. கொட்டகை இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் கட்டிவிட்டுப் பிறகு அலையாதீர்கள். கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தால் உப்புக்காற்றும் குறையும்.

பழைய இரும்பு | வியாழன் காலை 9.10

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 2022ல் வந்த விதிப்படி உறை தயாரிக்கும் கம்பெனிகள் தாங்கள் விற்ற அளவுக்குப் பிளாஸ்டிக் திரும்ப எடுக்கப்பட்டதாகச் சான்றிதழ் காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழைப் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை உருவாக்கிக் கம்பெனிக்கு விற்கிறது. சரக்கு உங்கள் கையிலிருந்து கிளம்பியது, ஆனால் சான்றிதழ்க் காசு உங்கள் கைக்கு வருவதில்லை, எனக்கும் வருவதில்லை. மொத்தமாகச் சேர்த்து, எடை எழுதி, நேராக ஆலையிடம் பேசினால்தான் அதில் ஒரு பங்கைக் கேட்க முடியும். ஒரு ஊர் தனியாகப் பேசினால் மதிக்க மாட்டார்கள். மண்டபம், திருப்புல்லாணி, கடலாடி மூன்று ஒன்றியமும் சேர்ந்து பேசினால் லாரி வாடகையையாவது அவர்கள் தலையில் கட்டலாம்.

நான் இதில் இடைத்தரகன்தான். எனக்கே நஷ்டம் வரும் யோசனையைச் சொல்கிறேன் என்று வாப்பா கேள்விப்பட்டால் திட்டுவார்.

பாசிக்கரை | வியாழன் இரவு 10.15

இன்று பாசிக்குப் போய்விட்டு வந்து குழுவில் உட்கார்ந்து பேசினோம். மனுவை இப்படி எழுதியிருக்கிறோம்:

இயந்திரத்துக்கு முன் மும்முனை மின்சாரம். இருக்கும் பேலிங் இயந்திரத்தைப் பழுது பார்த்துத் தர வேண்டும், புதிது வேண்டாம். அலகில் வேலை செய்யும் எட்டுப் பேருக்கு முதல் ஒரு வருடக் கூலி எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சாலைக்குத் துருவல் வாங்கும் ஆணையின் நகல் வேண்டும். தடைக்காலத்தில் பழைய வலை வாங்க மீன்வளத் துறையோடு சேர்ந்து ஒரு நிலையம். சல்லடை நான்கு. காவலர்வீட்டுப்பெண் சொன்ன பேட்டரியையும் சேர்த்துவிட்டோம். அது எங்கள் ஊர் வண்டி இல்லை என்றாலும்.

ஓலைக்கொட்டான் அண்ணன் சொன்னது இந்த மனுவில் பொருந்தவில்லை. ஆனால் பிரிக்கும் கொட்டகைக்கு எங்களுக்குப் பத்துப் பெரிய ஓலைப் பெட்டி வேண்டும், சாக்கு கிழிந்துபோகிறது. முழு விலைக்கே வாங்கிக்கொள்கிறோம்.

மனுவைப் படித்துப் பார்த்த எங்கள் குழுத் தலைவி, "இவ்வளவு கேட்டால் 16 லட்சமும் தர மாட்டார்கள்" என்றார். இருக்கலாம். கோழி குஞ்சு பொரித்துவிட்டது, ஏழு. அதனால் இயந்திரத்தைத் திறக்க ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

காக்கா, மூடி கழற்றி, லேபிள் உரித்து, மூன்று நாள் வெயிலில் போட்ட பாட்டில் ஏழு சாக்கு இருக்கிறது. வந்து அடியைத் தட்டிப் பார்க்கிறீர்களா?

பழைய இரும்பு | வியாழன் இரவு 10.40

சனிக்கிழமை பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வருகிறேன். மேகம் கட்டியிருக்கிறது, சாக்குகளை உள்ளே எடுத்து வையுங்கள்.